மிரளும் பட்ஜியைக் கைக்கு வர வைப்பது

நம்மூர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்பதில் பெரும்பாலானவை பட்ஜிதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டம் கூட்டமாகப் பறக்கிற சின்னக் கிளி, எடை 30 முதல் 40 கிராம். பருந்துக்கும் வல்லூறுக்கும் பயந்தே வாழ்ந்து பழகிய இனம் என்பதால் தலைக்கு மேலிருந்து எது வந்தாலும் மிரண்டுவிடும். போதாததற்குக் கடையில் கையை விட்டுத் துரத்திப் பிடித்து அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பயத்தோடுதான் உங்கள் வீட்டுக்குள் நுழைகிறது.

முதல் நாலைந்து நாள் தண்ணீரும் தீனியும் மாற்றுவதற்குத் தவிர கூண்டுக்குள் கை விடாதீர்கள். கூண்டு உங்கள் கண் மட்டத்தில், ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். சமையலறை வேண்டவே வேண்டாம், நான்ஸ்டிக் பாத்திரம் அதிகமாகச் சூடேறினால் வருகிற புகை பறவையைக் கொன்றுவிடும். இரவில் 10 மணி நேரமாவது இருட்டும் அமைதியும் கிடைக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம், அதன் உடம்பைப் படிப்பது. பயந்த பட்ஜி இறகையெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஒல்லியாக, அசையாமல் நிற்கும். பலர் இதைப் பார்த்து "சாதுவாக இருக்கிறது, பழகிவிட்டது" என்று நினைத்துக் கையை நீட்டிவிடுகிறார்கள். என்னிடம் வந்த நீலப் பட்ஜி ஒரு வாரம் அப்படித்தான் கூண்டின் கடைசி மூலையில் நின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பேப்பரை மெதுவாக வாய்விட்டுப் படிப்பேன், அதை நேருக்கு நேர் பார்க்க மாட்டேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டு, கன்னத்து இறகு லேசாக உப்ப, அலகை 'கறுக் கறுக்' என்று அரைக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டால் உங்கள் பக்கத்தில் அது நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் நாள் முழுக்க இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் தூங்கி வழிந்தால் அது நோய், உடனே பறவைகளைப் பார்க்கிற டாக்டரிடம் போங்கள்.

பழக்குகிற முறை இதுதான். கூண்டை நோக்கி மெதுவாகக் கையைக் கொண்டு போங்கள், இறகு ஒட்ட ஆரம்பித்த இடத்திலேயே நிறுத்துங்கள். காத்திருங்கள். உடம்பு தளர்ந்ததும் நீங்களே கையை எடுத்துக்கொள்ளுங்கள். தான் அமைதியானால் கை விலகிவிடும் என்று அதற்குப் புரியப் புரிய, நாளுக்கு நாள் இன்னும் கொஞ்சம் கிட்டே விடும்.

அப்புறம் தினைக்கதிர். பறவைத்தீனி விற்கிற கடைகளில் காய்ந்த கதிராகவே கிடைக்கும். இதைக் கூண்டுக்குள் தொங்கவிடாமல் உங்கள் கையிலிருந்து மட்டும் கொடுங்கள், முதலில் கம்பிக்கு வெளியே நின்று நீளமான நுனியை நீட்டி, சில நாள் கழித்துக் கதவு வழியாக, பிறகு விரலுக்கு ஒட்டினாற்போல் பிடித்து. கை எப்போதும் அதன் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கட்டும். தினம் இரண்டு தடவை பத்துப் பத்து நிமிடம் போதும். சீக்கிரம் வரட்டும் என்று பட்டினி மட்டும் போடாதீர்கள், இவ்வளவு சின்ன உடம்பு அதைத் தாங்காது.

கதிரைத் தின்ன விரலில் ஒரு கால் வைத்துவிட்டதா? சரி, இனி விரலைக் காலுக்குச் சற்று மேலே, அடிவயிற்றில் மெல்ல ஒட்டவைத்து "வா" என்று சொல்லுங்கள், தினமும் அதே சொல். ஏறினால் உடனே கதிர். கடித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், கத்தாதீர்கள். கடித்தால் கை ஓடிவிடும் என்று கற்றுக்கொண்ட பறவையை மாற்ற மாதக்கணக்காகும்.

விரலில் தயங்காமல் ஏறுகிற வரை வெளியே விட வேண்டாம். விடுகிற அன்றைக்கு மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தித் திரை போட்டு, கண்ணாடியைத் துணியால் மூடி, தண்ணீர் வாளிகளை மூடிவிட்டுத் திறங்கள். திரும்பி வர மறுத்தால் துண்டை வீசிப் பிடிக்காதீர்கள், இத்தனை நாள் உழைப்பும் வீண். கூண்டுக் கதவைத் திறந்து வைத்து, தீனிக் கிண்ணத்தைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். பசித்ததும் தானாக உள்ளே போகும்.