17ஐ 503 ஆக்க வேண்டாம்: வொய்ஸ் கேற்வேயில் காரண எண்களை மாற்றும்போது நடக்கும் தவறுகள்

கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடை. அங்கே ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கோல் போனால், எக்ஸ்சேஞ்ச் பி.ஆர்.ஐ (பல கோல்களை ஒன்றாகக் கொண்டுபோகும் ஐ.எஸ்.டி.என் டிஜிற்றல்) லைனில் 17 என்ற காரண எண்ணை வொய்ஸ் கேற்வேக்குச் சொல்லும்; அந்த லைனையும் இணைய வழித் தொலைபேசியையும் இணைக்கும் பெட்டி அது. கியூ.850 என்ற காரண எண் அட்டவணையில் 17க்கு அர்த்தம் 'பிசி'. சிப் (இணைய வழிக் கோல்களை நடத்தும் நெறிமுறை) பக்கத்துக்கு அது 486 ஆக, அங்கே 'பிசி' என்று பொருள்படும் எண்ணாக, போக வேண்டும். 503 ஆகப் போனால், லைன்தான் பழுது என்று எண்ணி பிபிஎக்ஸ் (அலுவலகத் தொலைபேசி மெஷின்) அடுத்த ட்ரங்க்கில் (வெளி இணைப்பில்) அதே கடைக்கு அடிக்கும். அங்கும் பிசி, பிறகு மூன்றாவது ட்ரங்க். பிசி ரோன் கேட்கவேண்டியவர் வெறும் மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். காரண எண்ணை லொக்கில் கிடக்கும் குறிப்பாக மட்டும் நினைப்பவர்களுக்கே இது நடக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் மறுபக்க மெஷின் அடுத்து என்ன செய்வதென்று தீர்மானிக்கிறது.

503இல் இன்னொரு சிக்கலும் உண்டு. பி.ஆர்.ஐ ஓடும் ஈ1 இணைப்பு ஒன்றில் பேச்சுக்கு 30 சனல். முப்பதும் நிரம்பினால் காரணம் 34, அதாவது 'சனல் இல்லை'. கேற்வேகள் பெரும்பாலும் பின்பற்றும் ஆர்.எஃப்.சி. 3398 (2002இல் வந்த இணையத் தர ஆவணம்) இந்த 34ஐயும், கோளாறு, நெரிசல் போன்றவற்றுக்கான 38, 41, 42, 47 எல்லாவற்றையும் 503இலேயே போடுகிறது. ஆனால் சிப்பில் 503 என்றால் சேர்வராலேயே இப்போது முடியாது என்று பொருள். கூடவே 'இத்தனை வினாடி கழித்து வா' என்ற ஹெடரும் (மெசேஜின் தலைப்பு வரி) போனால், அதுவரை அந்தக் கேற்வேக்கு வேறு கோலும் வராது. பக்கத்தில் இரண்டாவது ஈ1 சும்மா கிடக்கும். ஆகவே கேற்வேக்குள்ளேயே அடுத்த ஈ1ஐ முயன்றுவிட்டு, கடைசியில் மட்டும் 503 கொடுங்கள், அந்த ஹெடர் இல்லாமல்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கேற்வே, கொழும்பில் ஒன்று, நடுவில் சிப் என்று வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறுவது வேறிடத்தில். காரண எண்ணைச் சிப் எண்ணாக்கும் அட்டவணையும், சிப் எண்ணைத் திரும்பக் காரண எண்ணாக்கும் அட்டவணையும் ஒன்றுக்கொன்று தலைகீழ் அல்ல. 18 (மறுமுனையில் பதிலே இல்லை) 408 ஆகி, அடுத்த கேற்வேயில் 102 ஆக, அதாவது ரைமர் முடிந்த கோளாறாக, வெளியே வரும். 19 (மணி அடித்தும் எடுக்கவில்லை) 480 வழியாக 18 ஆகிவிடும். 34 போய் 41 (தற்காலிகக் கோளாறு) வரும். பிறகு லைன் பழுது என்று முறைப்பாடு கொடுத்துப் பயனில்லை. மருந்து, சிப் மெசேஜில் காரணத்தைச் சொல்லும் ரீசன் ஹெடர்: மூல கியூ.850 எண்ணை அதிலே அப்படியே அனுப்பலாம். பதில் மெசேஜ்களிலும் அதை வைக்க 2011இன் ஆர்.எஃப்.சி. 6432 இடம் தருகிறது. ஒரு கேற்வே அனுப்பினால் மட்டும் போதாது. மற்றது அதை அட்டவணைக்கு மேலாக மதிக்கவேண்டும், நடுவில் நிற்கும் எஸ்.பி.சி (சிப் வலைகளின் எல்லைக் காவல் மெஷின்) அதை வெட்டக்கூடாது.

'நீங்கள் அழைத்த இலக்கம் பாவனையில் இல்லை' என்ற அறிவிப்பைப் பலர் தெரியாமலே தொலைத்துவிடுகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் டிஸ்கனெக்ட் மெசேஜில் காரணம் 1 (இல்லாத இலக்கம்) இருக்கும், கூடவே புரோகிரஸ் இன்டிகேற்றர் 8, அதாவது லைனில் இப்போது குரல் ஓடுகிறது. காரணத்தை மட்டும் பார்த்து உடனே சிப்பின் 404ஐ (அப்படி இலக்கம் இல்லை) அடித்தால் அந்தக் குரல் யாருக்கும் போய்ச்சேராது. 183 என்ற இடைநிலைப் பதிலை எஸ்.டி.பி.யுடன் (ஓடியோ விபரத்துடன்) அனுப்பி ஓடியோவைத் திறந்து, எக்ஸ்சேஞ்ச் ரிலீஸ் தந்த பிறகு 404 கொடுப்பதே முறை. சனல் தொங்கிவிடும் என்ற பயம் இருந்தால் 30 வினாடி எல்லை வையுங்கள்; எக்ஸ்சேஞ்ச் பக்க ரீ306 ரைமரின் வழக்கமான அளவும் அதுதான்.

கூப்பிட்டவரே வைத்துவிட்டால் வரும் 487ஐ (கோரிக்கை கைவிடப்பட்டது) 127 (காரணம் குறிப்பிடாத கோளாறு) ஆக்கவேண்டாம், ஐ.எஸ்.டி.என் பக்கம் அது வழக்கமான 16 (சாதாரண முடிவு). காரணம் 21ஐ (கோல் மறுக்கப்பட்டது) 603 ஆக மாற்றும் செற்றிங்கையும் யோசித்துத் தொடுங்கள்: 603 வந்தால் ஒரே நேரத்தில் அடிக்கும் மற்ற மேசைகளும் நின்றுவிடும், 403 அப்படி நிறுத்தாது.

காரணம் 28 (இலக்கத்தின் அமைப்பு சரியில்லை) திரும்பத் திரும்ப வந்தால் அட்டவணையை விட்டுவிட்டு இலக்கத்தைப் பாருங்கள். இலக்க வகை 'நஷனல்' என்றால் யாழ்ப்பாணக் குறியீடான 021இன் முன் பூச்சியம் போகக்கூடாது. 'இன்ரநஷனல்' என்றால் 94 21 என்று தொடங்கவேண்டும்.

எதை மாற்றினாலும் நான்கு கோல் போட்டுப் பாருங்கள்: பிசியான இலக்கம், அணைத்துவைத்த கைத்தொலைபேசி, இல்லாத இலக்கம், ஈ1 கேபிளைக் கழற்றிய நிலை. ஒவ்வொன்றுக்கும் கியூ.931 (பி.ஆர்.ஐ லைனின் மெசேஜ்) பதிவையும் சிப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களை ஒப்பிடுங்கள்.