கப் அளவைக் கிராமுக்கு மாற்றும் கணக்கு

மைசூர்பாகுக்கு 1 கப் கடலை மாவு, 2 கப் சர்க்கரை, 2 கப் நெய் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அதையே 100 கிராம் மாவு, 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் நெய் என்று நிறுத்துப் போட்டால் சர்க்கரையும் நெய்யும் பாதிதான் விழும். 240 மில்லி கப்பில் கடலை மாவு 100 கிராம்கூடப் பிடிக்காது, ஆனால் சர்க்கரை 200 கிராம் பிடிக்கும், நெய் அதற்கும் கொஞ்சம் மேலே. அதனால் கப் விகிதத்தை அப்படியே கிராம் விகிதமாக எடுக்கவே கூடாது. எல்லாவற்றையும் ஒரே டம்ளரில் அளக்கப் போகிறீர்கள் என்றால் எதையும் மாற்ற வேண்டியதில்லை, டம்ளர் எந்த அளவாக இருந்தாலும் சரி.

மாற்றத்தான் வேண்டும் என்றால் முதலில் உங்கள் கப் எவ்வளவு பிடிக்கும் என்று பாருங்கள். அமெரிக்கக் குறிப்புகளில் கப் என்றால் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180தான். சந்தேகமாக இருந்தால் காலிக் கப்பைத் தராசில் வைத்து, பூஜ்ஜியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி.

இனி 240 மில்லி கப்புக்கு என் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கும் கணக்கு: மைதா 120 முதல் 125 கிராம், கோதுமை மாவும் கிட்டத்தட்ட அவ்வளவே, சர்க்கரை 200, பொடித்த சர்க்கரை 120, ரவை 165 பக்கம், பச்சரிசி 190 முதல் 200, வெண்ணெய் 225, தேன் 340. எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பது 1 லிட்டர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும், 910 கிராம் என்று போட்டிருப்பார்கள். அப்படியானால் ஒரு கப் சுமார் 218 கிராம். உங்களுடையது 180 மில்லி கப் என்றால் இந்த எண்களில் முக்கால் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் ரொம்பக் கவனம் வேண்டியது மாவு. டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் அதே மைதா 145 கிராம்கூட வரும், மூன்று கப் கேட்கும் கேக்கில் அரைக் கப்புக்கும் மேல் மாவு அதிகமாகிவிடும், அப்புறம் கேக் வறண்டு போனதற்கு ஓவனைக் குறை சொல்வோம். மாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் கப்பில் போட்டு, தட்டாமல் அழுத்தாமல், கத்தி முதுகால் மேலே வழித்துவிடுங்கள். சர்க்கரைக்கும் அரிசிக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், எப்படி அள்ளினாலும் பெரிய வித்தியாசம் வராது.

வீட்டில் தராசு இல்லையா? புதிதாக 500 கிராம் பாக்கெட் பிரிக்கும்போது, டப்பாவில் கொட்டுவதற்கு முன் உங்கள் டம்ளரால் அளந்து எண்ணுங்கள். ரவை 3 டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் ரவை சுமார் 167 கிராம். டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு பாக்கெட் பிரிக்கும்போதும் ஒன்று என்று செய்தால் சீக்கிரமே உங்கள் டம்ளருக்கென்று ஒரு பட்டியல் தயார், இணையத்தில் கிடைக்கும் எந்தப் பட்டியலையும்விட உங்கள் வீட்டுக்கு அதுதான் சரியாக இருக்கும்.

சின்ன அளவுகளை மட்டும் தராசிடம் விடாதீர்கள். வீட்டுத் தராசுகளில் பல 2 கிராம், 3 கிராமைச் சரியாகக் காட்டுவதில்லை. ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி, அதில் தூள் உப்பு 6 கிராம், சமையல் சோடா 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இவற்றுக்கு அளவு ஸ்பூனே நல்லது, தலை தட்டி அளக்க வேண்டும். கல் உப்பு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், இடையில் காற்று நிற்பதால் அதே ஸ்பூனில் எடை குறைவாக இருக்கும், தூள் உப்புக்குச் சொன்ன அளவில் போட்டால் உப்பு பத்தாது.