பால் கொடுக்கும் அம்மாவுக்கு நாளுக்கு 63 கிராம் புரதம்: தட்டில் சேர்ப்பது எப்படி

பெங்களூரின் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் ரசம் சோறும் பத்தியமாகக் கிடைக்கும். பூண்டு இருக்கட்டும். பருப்பை "வாயு" என்று நாற்பது நாள் ஒதுக்கி வைப்பதுதான் தப்பு.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 பரிந்துரைப்படி 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் அதோடு 17 கிராம், அடுத்த ஆறு மாதம் 13 கிராம் கூட்ட வேண்டும். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 1 கிராம்தான் புரதம். 750 மில்லி சுரந்தால் எட்டு கிராம்கூடப் போகாது. ஆனால் உண்ட புரதம் அத்தனையும் பாலாவதில்லை. தட்டில் குறைந்தாலும் பாலில் புரதம் பெரிதாகக் குறையாது, அம்மாவின் தசையிலிருந்து போகும். குழந்தை எடை ஏறுவதைப் பார்த்து அவள் சாப்பாடு போதும் என்று முடிவு கட்டாதீர்கள்.

கறவை மாட்டுக்கு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம் என்று அளந்து போடுகிறோம்! அதற்காவது இரைப்பை நுண்ணுயிரிகள் மட்டமான தீவனத்திலிருந்தும் நல்ல புரதம் செய்து தரும். நமக்கு அந்த வசதி இல்லை. புரதத்துக்கு அவசியமான லைசின் என்ற அமினோ அமிலம் அரிசியில் குறைவு, பருப்பில் நிறைய. அதனால் இரண்டும் சேர வேண்டும்.

சமைக்காத எடையில் ஒரு நாள் கணக்கு இது. பால் இரண்டு வேளையும் சேர்த்து 400 மில்லி (12 கிராம் புரதம்), இட்லி மூன்று (6), அரிசி 100 கிராம் (8), சாம்பார், கூட்டு எல்லாவற்றுக்கும் பருப்பு 60 கிராம் (13), முட்டை இரண்டு (12), சுண்டலுக்குக் கொண்டைக்கடலை 30 கிராம் (6), சப்பாத்தி மூன்று (8). மொத்தம் 65. முட்டை சாப்பிடாதவர்களுக்கு 25 கிராம் சோயா உருண்டை 13 கிராம் தரும். மார்கழியில் அவரைக்காய் மலிந்தால் பிதுக்கிய பருப்பைக் குழம்பில் போடலாம்.

நீர்த்த சாம்பாரை ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் பருப்பு சாப்பிட்டதாக நினைப்பதுதான் வழக்கமான ஏமாற்றம். கெட்டியாக, ஒரு கிண்ணம் வேண்டும். வயிறு உப்பினால் பாசிப்பருப்பில் தொடங்கி, ஊறவைத்து, பெருங்காயம் சேர்த்துக் குழைய வேகவையுங்கள்.

எடை குறைக்கச் சோற்றை வெட்டினாலும் கணக்கு கெடும். முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும்; அது கிடைக்காவிட்டால் உண்ட புரதமே எரிபொருளாகிவிடும்.

பால் சுறா புட்டு பால் சுரக்க வைக்கும் என்பார்கள். சுறாவில் பாதரசம் சேரும். ரஸல் மார்க்கெட்டில் நெத்திலியோ மத்தியோ வாங்குங்கள், 100 கிராமில் 20 கிராமை ஒட்டிப் புரதம் இருக்கிறது. இவ்வளவும் கிடைத்தால் அம்மாவுக்கு டப்பா புரதப் பவுடர் தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.