எந்த டிவிஷன் பலமானது? பேரேடு போட்டுப் பார்க்கும் வழி

டொராண்டோவில் இருக்கும் அக்கா மகன் போன் செய்தால், "மாமா, எங்க அட்லாண்டிக் டிவிஷன்ல ஜெயிக்கிறதுதான் கஷ்டம்" என்று ஆரம்பித்துவிடுவான். அமெரிக்கா, கனடா அணிகள் மோதும் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கைப் பார்க்கிறவர் யாரைக் கேட்டாலும் தன் அணி இருக்கும் டிவிஷன்தான் கடினம் என்பார். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். கூட்டிப் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். குளிர்காலத்தில் அவர்கள் ஊர் இரவு ஏழு மணி ஆட்டம் சேலத்தில் காலை ஐந்தரைக்கு வரும். பார்த்துவிட்டே கடைக்குக் கிளம்பலாம்.

முதலில் அமைப்பு. 32 அணிகள், எட்டெட்டாக நான்கு டிவிஷன். கிழக்கில் அட்லாண்டிக், மெட்ரோபாலிட்டன். மேற்கில் சென்ட்ரல், பசிஃபிக். 2021-22 முதல் 2025-26 வரையான அமைப்பின்படி ஒரு அணிக்கு 82 ஆட்டம்: சொந்த டிவிஷனுக்குள் 26, அதே பக்கத்தில் இருக்கும் இன்னொரு டிவிஷனோடு 24, எதிர்ப்பக்கத்தோடு 32.

இந்த 26இல்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒரே முதலாளிக்கு லீ பஜாரிலும் ஆத்தூரிலும் கடை இருக்கிறது. இந்தக் கடையிலிருந்து அந்தக் கடைக்குப் பத்து மூட்டை பருப்பு போனால் அது வியாபாரம் ஆகுமா? இங்கே வரவு, அங்கே பற்று, மொத்தத்தில் ஒன்றுமில்லை. டொராண்டோ பாஸ்டனை அடித்தாலும் அப்படித்தான். அட்லாண்டிக்குக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

அதனால் கோல் வித்தியாசத்தை, அதாவது போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவதை, பிடியுங்கள். சீசன் முடிந்ததும் எட்டு அணிகளின் கோல் வித்தியாசத்தையும் அப்படியே கூட்டுங்கள். உள்ளுக்குள் அடித்துக்கொண்ட கோலெல்லாம் தானாகக் கழிந்துபோகும். வெளி டிவிஷன்களிடம் சம்பாதித்ததோ இழந்ததோ மட்டும் மிஞ்சும். அதை 448ஆல் வகுத்தால் (எட்டு அணி, தலா 56 வெளியாட்டம்) ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வந்துவிடும். நான்கு டிவிஷனையும் கூட்டினால் சரியாகப் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லையா, எங்கோ ஒரு மைனஸை விட்டிருக்கிறீர்கள். டேலி ஆகிற அன்றைக்குக் காபி தனி ருசி.

புள்ளிகளை இப்படிக் கூட்ட முடியாது. ஜெயித்தால் 2, ஆனால் கூடுதல் நேரத்திலோ ஷூட்-அவுட்டிலோ தோற்றவருக்கும் 1 உண்டு. உள்ளாட்டங்கள் நிறைய இழுபறி ஆனாலே டிவிஷன் மொத்தம் ஊதிவிடும்.

ஆனாலும் புள்ளிகளை இறங்கு வரிசையில் எழுதிப் பாருங்கள், வேறொரு விஷயம் தெரியும். அட்லாண்டிக், 2021-22: 122, 115, 110, 107, 75, 74, 73, 55. அதே டிவிஷன், 2024-25: 108, 102, 98, 97, 91, 86, 79, 76. மொத்தம் முன்பு 731, பிறகு 737. மொத்தத்தை மட்டும் பார்த்தவர் ஒன்றும் மாறவில்லை என்பார். ஆனால் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே முன்பு 32 புள்ளிப் பள்ளம். பிறகு வெறும் 6. 2021-22இல் மேலே இருந்த நான்கு பேருக்கும் கீழே நாலு வீடு சும்மா திறந்து கிடந்தது. 2024-25இல் அப்படி இல்லை. கடைசியில் நிற்கும் அந்த 76 யார் தெரியுமா? 2022-23இல் 135 புள்ளி எடுத்துச் சாதனை படைத்த பாஸ்டன்!

அதே 2024-25இல் மெட்ரோபாலிட்டன் மொத்தம் 713, பசிஃபிக் 710. சமம் மாதிரி இருக்கிறது. ஆனால் பசிஃபிக்கில் சான் ஹோசே என்ற ஒரே அணி 52இல் கிடந்து மொத்தத்தை இழுத்துவிட்டது. நாலாவது, ஐந்தாவது இடங்களைப் பாருங்கள்: பசிஃபிக்கில் 96, 90, மெட்ரோவில் 89, 85. மெட்ரோவில் 91 எடுத்த நியூ ஜெர்சி மூன்றாம் இடத்தில் பிளே-ஆஃபுக்கு (கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றுக்கு) போனது, பசிஃபிக்கில் 96 எடுத்த கால்கரி வெளியே நின்றது. என்னைக் கேட்டால் நடு இரண்டு எண்களைத்தான் நம்புவேன்.

அப்புறம், பல வருடங்களை அடுத்தடுத்து எழுதும்போது எல்லை மாறிய இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 2013இல் டெட்ராய்ட்டும் கொலம்பஸும் கிழக்குக்குப் போயின, வின்னிபெக் மேற்குக்கு வந்தது. 2021இல் சியாட்டில் பசிஃபிக்கில் நுழைய, அரிசோனா சென்ட்ரலுக்கு மாறியது. 2020-21 கொரோனா சீசனைக் காலியாக விடுங்கள். 56 ஆட்டமும் டிவிஷனுக்குள்ளேயே நடந்ததால் எந்த டிவிஷனின் கோல் வித்தியாசத்தைக் கூட்டினாலும் பூஜ்யம்தான். கோப்பையை வைத்தும் அளக்க வேண்டாம். 2025இல் கோப்பை வென்ற ஃப்ளோரிடா அட்லாண்டிக்கில் மூன்றாவது.

பலம் ஏன் இடம் மாறுகிறது? சம்பள உச்சவரம்பு இருப்பதால் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரையும் ஒரே அணி கட்டிவைத்துக்கொள்ள முடியாது. தோற்கிற அணிக்கு டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில்) முன்னுரிமையும் உண்டு. 2021-22இல் 55இல் கிடந்த மாண்ட்ரியல் 2022 டிராஃப்டில் முதல் ஆளாக ஸ்லாஃப்கோவ்ஸ்கியை எடுத்தது. 2024-25இல் 91 புள்ளி. ஒரே டிவிஷனில் நாலு அணி சேர்ந்து தோற்றால், சில வருடம் கழித்துச் சேர்ந்தே எழுந்துவிட வாய்ப்பிருக்கிறது. கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். பஃபலோவுக்கு 2018, 2021 இரண்டிலும் முதல் தேர்வு கிடைத்தும் 2024-25இல் 79தான்.

சான் ஹோசே 2024இல் முதல் ஆளாக செலிபிரினியை எடுத்திருக்கிறது. அதனால் பசிஃபிக் வரிசையை எழுதும்போது நான் இப்போது கீழிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.