குளிர் மாதங்களில் செவ்வரத்தை
நுவரெலியாப் பக்கம் தை, மாசியில் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். செவ்வரத்தைக்கு அது ஆகவே ஆகாது. மொட்டெல்லாம் விரியாமலே கொட்டும். சாடியில் வளர்ப்பவர்கள் அந்த இரண்டு மாதமும் செடியை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். காலை வெயில் விழும் யன்னலோரம்தான் நல்ல இடம். இரவில் மட்டும் கண்ணாடியில் இலை படாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள்.

தண்ணீரில்தான் பலரும் பிழை விடுகிறோம். குளிரில் செடி அதிகம் குடிக்காது. விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு ஊற்றவே வேண்டாம். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும்.

அப்புறம், பங்குனியில் வெயில் ஏறியதும் நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். புதுத் தளிரில்தான் பூ வரும்.