சரிவுல நிக்கிற மரத்தோட உயரம்: சைன், காஸ், டேன் கைக்கு வர ஒரு செய்முறை

புத்தகத்துல வர்ற மரம், கொடிக்கம்பம், கோபுரம் எல்லாமே சமதரையில தான் நிக்கும். நம்ம குன்னூர், கோத்தகிரி பக்கம் அப்படி ஒரு மரத்த தேடித்தான் பிடிக்கணும். அக்கா பையன் பத்தாவது படிக்கிறான், புத்தகக் கணக்கெல்லாம் போட்டுடுவான், ஆனா வீட்டுக்கு கீழ தேயிலைக்குள்ள நிக்கிற சில்வர் ஓக்க அளக்கலாம்னு ரெண்டு பேரும் டேப்போட இறங்கினப்போ தான் எந்த அளவ எங்க போடறதுன்னு உக்காந்து யோசிக்க வேண்டி வந்துச்சு. பாகைமானி வச்சு கோணம் வரையத் தெரிஞ்சவங்களுக்காக எழுதுறேன்.

1. விகிதம்

ஒரு பேப்பர்ல 30 டிகிரி கோணம் வரைங்க. முனையில இருந்து அடிக்கோட்டுல 5 செ.மீ. தள்ளி செங்குத்தா ஒரு கோடு, 10 செ.மீ. தள்ளி இன்னொண்ணு. ஸ்கேல் வச்சுப் பாத்தா சின்னது 2.9, பெருசு 5.8 கிட்ட வரும். உயரத்த அடியால வகுங்க, ரெண்டுலயும் 0.58. முக்கோணம் எவ்ளோ பெருசானாலும் கோணம் மாறாத வரைக்கும் இந்த எண்ணு மாறாது, டேன் 30-ங்கறது இது தான். இத கையால வரைஞ்சு பாக்கறதுக்கு முன்னாடி பிள்ளைங்கள சூத்திரம் மனப்பாடம் பண்ண வைக்கவே கூடாதுங்கறது என் கருத்து.

அதே பேப்பர்ல 60-ம் வரைங்க. கோணம் ரெண்டு மடங்கு தான் ஆச்சு, டேன் 0.577-ல இருந்து 1.732-க்கு, அதாவது மூணு மடங்குக்கு போயிடும்.

நம்ம மலை ரயில் கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் பல்தண்டவாளத்துல ஏறுது இல்லையா, அங்க செங்குத்தான இடத்துல ஏத்தம் கிட்டத்தட்ட 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறும். டிகிரில எவ்ளோ இருக்கும்னு கேட்டா 30, 40-னு சொல்றாங்க. டேன் 1/12-ஆ இருக்கிற கோணம் வெறும் 4.76. அந்த 12-ஐ கிடைமட்டமா எடுக்காம தண்டவாளத்தோட நீளமா எடுத்தா அது சைன் (உயரத்த சாய்வான நீளத்தால வகுக்கறது), அப்போ கோணம் 4.78. சின்ன கோணத்துல சைனும் டேனும் ஒட்டிக்கிட்டே போகும், கோணம் பெருசாக பெருசாக தான் பிரியும்.

2. பக்கங்களோட பேரு

செங்கோணத்துக்கு எதிர்ல இருக்கிறது கர்ணம், அது மாறாது. மத்த ரெண்டுக்கும் நிரந்தரப் பேரு கிடையாது, எந்த கோணத்த எடுக்கறோமோ அதுக்கு எதிர்ல இருக்கிறது எதிர்ப்பக்கம், ஒட்டி இருக்கிறது அடுத்துள்ள பக்கம். எதிர்ப்பக்கத்த கர்ணத்தால வகுத்தா சைன், அடுத்துள்ள பக்கத்த கர்ணத்தால வகுத்தா காஸ், எதிர்ப்பக்கத்த அடுத்துள்ள பக்கத்தால வகுத்தா டேன். இன்னொரு கோணத்துக்கு போனா ரெண்டும் இடம் மாறிக்கும், அதனால தான் சைன் 30-ம் காஸ் 60-ம் ஒரே 0.5.

3. கருவி

போன்ல கோணம் காட்டுற ஆப் இருக்கு, எனக்கு பிடிக்கல. பிளாஸ்டிக் பாகைமானி, அதோட நேர் விளிம்புல ஒட்டின ஸ்ட்ரா, நடு ஓட்டைல கட்டித் தொங்கவிட்ட நூல், நூல் நுனில ஒரு நட்டு, அவ்ளோ தான். ஸ்ட்ரா வழியா மர உச்சிய பாருங்க, நூல் ஆடி நின்னதும் பக்கத்துல இருக்கிறவங்க எண்ண படிக்கட்டும். நூல் 60-ல நின்னா ஏற்றக்கோணம் (மட்டத்துல இருந்து மேல பாக்கற கோணம்) 60 இல்ல, 90-ல இருந்து கழிச்சு 30. ஸ்ட்ரா மட்டமா இருக்கும்போது நூல் 90-ல நிக்கும், அங்க இருந்து எவ்ளோ நகருதோ அது தான் நமக்கு வேணும்.

காலைலயே அளந்துடுங்க, மத்தியானத்துக்கு மேல மிஸ்ட் இறங்குனா உச்சி தெரியாது.

4. சரிவு

இந்த இடத்துல நிதானமா படிங்க. நாம மரத்துக்கு மேல சரிவுல நிக்கிறோம், தரையோட டேப்ப விட்டா 20 மீட்டர். அந்த 20 அடுத்துள்ள பக்கம் கிடையாது! அது சாய்வா கிடக்கு, அப்போ அது ஒரு கர்ணம். அடுத்துள்ள பக்கம்னா கிடைமட்டமா இருக்கணும்.

அதனால நம்ம கண்ணு உயரத்துக்கு, 1.5 மீட்டர்ல, மரத்துல ஒரு ரிப்பன் கட்டுங்க. கண்ணுல இருந்து ரிப்பனுக்கு போற கோடு தரைக்கு இணையா போகும், நீளமும் அதே 20. ஸ்ட்ரா வழியா ரிப்பன பாத்தா இறக்கக்கோணம் (மட்டத்துல இருந்து கீழ பாக்கற கோணம்) 15, அது தான் சரிவோட கோணமும். உச்சிக்கு ஏற்றக்கோணம் 30-னு வச்சுக்கலாம்.

கிடைமட்ட தூரம்: 20 × காஸ் 15 = 19.32
கண்ணுக்கு மேல: 19.32 × டேன் 30 = 11.15
கண்ணுல இருந்து ரிப்பன் வரைக்கும் கீழ: 20 × சைன் 15 = 5.18
ரிப்பனுக்கு கீழ: 1.5
மொத்தம் 17.83 மீட்டர்.

ஒரே மரத்துல சைன், காஸ், டேன் மூணுக்கும் வேலை வந்துடுச்சு பாருங்க. சரிவ கண்டுக்காம 20 × டேன் 30 கூட 1.5-னு போட்டிருந்தா 13.05 வரும், ஏறக்குறைய 5 மீட்டர் காணாமப் போயிருக்கும். 1802-ல வில்லியம் லாம்டன்ங்கற ஆங்கிலேய சர்வேயர் பரங்கிமலை பக்கம் இந்திய சர்வேக்கு அடிக்கோடு அளந்தப்போவும் சங்கிலி சாய்வா கிடந்த இடத்துல எல்லாம் கிடைமட்டத்துக்கு மாத்தித்தான் கணக்குல எடுத்தாரு.

பின்சேர்க்கை

கோத்தகிரில இருந்து ஒரு டீச்சர், மரத்துக்கு கீழ நின்னு பாத்தா எப்படின்னு கேட்டிருக்காங்க. அப்போ ரிப்பன் கண்ணுக்கு மேல இருக்கும், அதனால சைன் 15 வர்ற 5.18-ஐ கூட்டாம கழிக்கணும், மத்ததெல்லாம் அப்படியே.

சைன் 30 போட்டா மைனஸ் 0.988 வருதுன்னு ஒரு தம்பி எழுதியிருந்தாரு. கால்குலேட்டர் ரேடியன்ல (கோணத்த அளக்கற இன்னொரு அலகு) இருக்கு, டிகிரிக்கு மாத்துங்க. எப்பவும் மொத வேலையா சைன் 30 அடிச்சு 0.5 வருதான்னு பாத்துட்டு அப்புறம் கணக்குக்குள்ள போங்க.