மலையூர்களில் காயம்பட்ட கடல் மீனைப் பேணும் முறை

உதகையிலோ கொடைக்கானலிலோ கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் மீனின் உடலில் காயத்தைக் கண்டதும் மருந்தைத் தேடுகிறார்கள். என் கருத்தில், இங்கே மருந்தைவிட முதலில் கவனிக்க வேண்டியவை தண்ணீரின் வெப்பமும் ஆக்சிஜனும்தான். இரண்டு ஊர்களும் 2,100 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைகிறது. உப்புநீரில் அது நன்னீரைவிடக் குறைவாகவே கரையும், சூடேறினால் மேலும் குறையும். காயம்பட்ட மீனுக்கோ மூச்சு அதிகம் தேவை.

காயம் எப்படி வந்தது என்பதை முதலில் கண்டறியுங்கள். துடுப்பு கந்தலாகக் கிழிந்திருந்தால் பெரும்பாலும் டாம்செல் போன்ற சண்டைக்கார மீனின் வேலை. ஒரு கண் மட்டும் வீங்கினால் அடிபட்டிருக்கலாம். இரு கண்களும் வீங்கினால் நோயைச் சந்தேகிக்க வேண்டும். விலாவில் வெளிறிய, விளிம்பு தெளிவான பட்டை தெரிந்தால், குளிருக்கு ஹீட்டரை ஒட்டி நின்ற மீன் சுட்டுக்கொண்டிருக்கக் கூடும். ஹீட்டருக்குத் துளையிட்ட பிளாஸ்டிக் உறை போடுவதே அதற்குத் தீர்வு.

சிகிச்சைக்கு 40 முதல் 60 லிட்டர் கொள்ளும், மணல் போடாத தனித் தொட்டி போதும். ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகளையும், பெரிய தொட்டியில் ஏற்கெனவே ஓடி, கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா படிந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் அதில் வையுங்கள். மீனை வலையால் பிடிக்காதீர்கள். வலை மீனின் வழுவழுப்பான மேற்பூச்சை உரித்துவிடும், டாங் மீனின் வாலடியில் உள்ள முள்ளும் அதில் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் சாய்த்து, மீனைத் தண்ணீரோடு சேர்த்தே எடுக்க வேண்டும்.

வெப்பம் 25 டிகிரியை ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். சமவெளியில் ஹீட்டருக்கு, லிட்டருக்கு ஒரு வாட் என்னும் கணக்கு சரிப்படும். குளிர்கால இரவில் அறையே பத்து டிகிரிக்கு இறங்கும் வீட்டில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டியிருக்கும். அதையும் ஒரே ஹீட்டராக அல்லாமல் இரண்டாகப் பிரித்து வைத்தால், ஒன்று பழுதானாலும் மீன் பிழைக்கும். மூன்று பக்கமும் தெர்மோகோல் ஒட்டி, மேலே மூடி போடுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது மலையில் வழக்கமாதலால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். நெடுநேரம் மின்சாரம் வராவிட்டால் தொட்டியைக் கம்பளியால் சுற்றி, வெந்நீர் அடைத்த பாட்டிலை மிதக்க விடலாம்.

கடல் மீனின் உடலிலிருந்து தண்ணீர் ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருப்பதால்தான் அது கடல்நீரைக் குடிக்கிறது; தோல் கிழிந்தால் இழப்பு கூடும். ஆகவே சிகிச்சைத் தொட்டியில் மட்டும், 1.025 என்னும் ஒப்படர்த்தியை (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் அளவு) இரண்டு மூன்று நாட்களில் 1.020 அளவுக்கு இறக்கலாம். பவளமோ இறாலோ உள்ள தொட்டியில் இதைச் செய்யக் கூடாது. சமையல் உப்பு எதற்கும் உதவாது. மீன் தொட்டிக்கென விற்கும் கடல் உப்புக் கலவையை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்ற வேண்டும். மீன் கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவைத் தினமும் சோதித்து, சிறிது தெரிந்தாலும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

புண் சுத்தமாக, சிவப்பு ஏறாமல் இருந்தால் மருந்து வேண்டாம். விளிம்பு சிவந்து பரவினாலோ, பஞ்சு போன்ற வெண்மை படர்ந்தாலோ பாக்டீரியா தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் ஃபில்டரில் கரி இருக்கக் கூடாது. அது மருந்தை உறிஞ்சிவிடும்.

ஓரிரு நாள் மீன் உண்ணாவிட்டால் பதற வேண்டாம். பொடியாக நறுக்கிய பச்சை இறாலையோ உறைந்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறாலையோ சிறிது சிறிதாகக் கொடுத்து, மிச்சத்தை உடனே உறிஞ்சி எடுங்கள். அடிப்பகுதி சிதையாத துடுப்பு மறுபடி வளரும். புண் மூடி, மீன் தானாக இரைக்கு முன்வந்த பின் உப்பைப் படிப்படியாக உயர்த்துங்கள். பெரிய தொட்டியின் கற்களை இடம் மாற்றி அடுக்கி, சண்டைக்கார மீன் தன் எல்லையை இழந்திருக்கும்போதே, விளக்கை அணைத்துவிட்டு மீனைத் திரும்ப விடுங்கள்.